மூளை அதிர்ச்சிக்குப் பின் ஆறாவது வாரம்: கழுத்து, காது, கண் என மூன்று திசையில் ஒரு மீட்சி

நடந்தது

38 வயதான பள்ளி ஆசிரியை. ஈரமான படிக்கட்டில் கால் வழுக்கி மல்லாந்து விழுந்தார். பின்மண்டை படியின் விளிம்பில் மோதியது. மயக்கம் போடவில்லை. ஆனால் விழுந்ததற்கும் யாரோ கைபிடித்து உட்கார வைத்ததற்கும் நடுவில் என்ன நடந்தது என்பது அவருக்கு நினைவில் இல்லை. ஒரு முறை வாந்தி எடுத்தார். கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார் என்று உடனிருந்தவர்கள் சொன்னார்கள். அவசர சிகிச்சைப் பிரிவில் சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். மண்டை ஓட்டில் விரிசல் இல்லை, உள்ளே ரத்தக்கசிவும் இல்லை. மூளை அதிர்ச்சி என்று எழுதி, ஓய்வெடுக்கச் சொல்லி, எந்த அறிகுறி வந்தால் உடனே திரும்பி வர வேண்டும் என்பதையும் விளக்கி அனுப்பினார்கள்.

என்னிடம் அவர் வந்தது ஆறு வாரம் கழித்து. கழுத்தைப் பார்க்கும்படி அவருடைய மருத்துவரே எழுதி அனுப்பியிருந்தார். நான் ஆஸ்டியோபதி முறையில் கையால் சிகிச்சை செய்பவன், மருந்து எழுதுவதில்லை. அவருடைய ஒப்புதலோடு, அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி இதை எழுதுகிறேன்.

பிடரியில் தொடங்கி வலது கண்ணுக்குப் பின்னால் வந்து நிற்கும் தலைவலி தினமும் இருந்தது. படுக்கையில் வலப்பக்கம் புரண்டால் அறையே சுழன்றது. அரைப் பக்கம் படிப்பதற்குள் எழுத்துகள் அலைந்தன. மாடி ஏறினால் தலை விண்விண்ணென்று தெறித்தது. தூக்கம் துண்டு துண்டாகத்தான் வந்தது. இரைச்சல் தாங்கவில்லை, எதற்கெடுத்தாலும் எரிச்சல், உடனே அழுகை.

"ஸ்கேன்ல ஒண்ணுமில்லைன்னுட்டாங்க. அப்போ இதெல்லாம் என் மனசுல இருந்து வருதாங்க?" என்று கேட்டார். ஆறு வாரத்தில் அவரை மிகவும் வதைத்தது தலைவலி அல்ல, இந்தக் கேள்விதான்.

ஸ்கேனில் தெரியாதது

சி.டி. ஸ்கேன் எடுப்பது ரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும் தேட. மூளை அதிர்ச்சியைக் காட்டும் படம் அது அல்ல. அடிபட்ட வேகத்தில் நரம்பு உயிரணுக்களின் சவ்வு இழுபட்டு, பொட்டாசியம் வெளியேறுகிறது, கால்சியம் உள்ளே நுழைகிறது, நரம்புகளுக்கு நடுவே செய்தி கடத்தும் குளூட்டமேட் என்ற வேதிப்பொருள் அளவுக்கு மீறிச் சுரக்கிறது. இந்தக் குழப்பத்தைச் சீராக்க உயிரணுவுக்கு வழக்கத்தைவிட அதிக ஆற்றல் வேண்டும். அதே நேரத்தில் மூளைக்கு வரும் ரத்த ஓட்டமோ குறைகிறது. தேவைக்கும் வரத்துக்கும் நடுவில் விழும் இந்த இடைவெளியை 2001-இல் கீஸா, ஹோவ்டா என்ற இரு ஆய்வாளர்கள் தொகுத்து விளக்கினார்கள். இன்றும் மூளை அதிர்ச்சியைப் புரிந்துகொள்ள அதுதான் அடிப்படை. வடிவத்தில் சேதம் இல்லாமல் வேலையில் கோளாறு என்பதால்தான் படம் சுத்தமாக வருகிறது. நினைவு தப்ப வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. மூளை அதிர்ச்சி ஏற்படுபவர்களில் பெரும்பாலோர் மயங்குவதே இல்லை.

இதை அவருக்கு விளக்கியபோது அவர் அழுதார். உடம்பில் கை வைக்கும் முன்பே சிகிச்சை அங்கே தொடங்கிவிட்டது என்று நான் நம்புகிறேன். தனக்கு நடந்திருப்பது என்ன என்று தெரியாத நோயாளி ஒவ்வொரு அறிகுறியையும் ஆபத்தாகவே படிப்பார். அந்தப் பயமே தூக்கத்தைக் கெடுத்து, தலைவலியைக் கூட்டும்.

அவருடைய ஓய்வைப் பற்றியும் கேட்டேன். முதல் மூன்று வாரம் ஜன்னலை மூடி, இருட்டறையிலேயே இருந்திருக்கிறார். வீட்டார் அக்கறையோடு செய்த ஏற்பாடு அது. ஆனால் முழு ஓய்வு நீண்டால் மீட்சி தள்ளிப்போகிறது. 2015-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 11 முதல் 22 வயது வரை உள்ளவர்களை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு 5 நாள் கண்டிப்பான ஓய்வு, மற்றதற்கு வழக்கமான 1 அல்லது 2 நாள் ஓய்வு. 5 நாள் ஓய்ந்தவர்களே அதிக அறிகுறிகளைச் சொன்னார்கள். அவை அடங்கவும் அவர்களுக்கு அதிக நாள் பிடித்தது. 2022-இல் ஆம்ஸ்டர்டாமில் கூடி 2023-இல் வெளியிடப்பட்ட சர்வதேச ஒருமித்த அறிக்கையும், முதல் 24 முதல் 48 மணி நேரம் அளவான ஓய்வு, பிறகு நடை போன்ற லேசான அசைவு என்றே சொல்கிறது. அதே அறிக்கையின்படி அறிகுறிகள் 4 வாரத்தைத் தாண்டினால் அவற்றுக்கு 'நீடிக்கும் அறிகுறிகள்' என்று பெயர். இவர் அந்த எல்லையைத் தாண்டியிருந்தார்.

கை வைப்பதற்கு முன்

இந்தப் பகுதியை விரிவாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. தலையை இவ்வளவு வேகமாக உலுக்கும் அடி கழுத்தையும் சேர்த்தே உலுக்கும். அரிதாக, கழுத்து வழியே மூளைக்குப் போகும் தமனியின் உட்சுவர் கிழிந்துவிடும். அதன் தொடக்க அறிகுறிகள் தலைவலி, கழுத்துவலி, தலைச்சுற்று, குமட்டல். மூளை அதிர்ச்சிக்கும் இதே அறிகுறிகள்தான். அப்படிக் கிழிந்த தமனி உள்ள கழுத்தைச் சிகிச்சை என்ற பெயரில் திருகினால் பக்கவாதம் வரை போகலாம். ஆகவே மூளை அதிர்ச்சிக்குப் பிறகு வரும் கழுத்தை 'தசைப்பிடிப்பு' என்று எடுத்த எடுப்பில் யாரும் முடிவு செய்யக் கூடாது.

இரட்டைப் பார்வை, பேச்சுக் குழறல், விழுங்கச் சிரமம், முகம் மரத்துப்போதல், திடீரெனக் கால் மடங்கி விழுதல் ஆகியவை உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். இல்லை. கண்ணிமை தொங்கவில்லை, இரு கருமணிகளும் ஒரே அளவு. ரத்த அழுத்தம் இயல்பு. மண்டை நரம்புகள், கை கால் வலு, அனிச்சைச் செயல்கள், நேர்கோட்டில் நடை எல்லாம் சரியாக இருந்தன. மேல் கழுத்தின் தசைநார்கள் தளரவில்லை. ரத்தம் உறையாமல் இருக்க அவர் எந்த மருந்தும் எடுக்கவில்லை. இவற்றில் ஒன்று பிசகியிருந்தாலும் அன்றே திருப்பி அனுப்பியிருப்பேன்.

வலி மாத்திரையைப் பற்றியும் கேட்க வேண்டியிருந்தது. பாராசிட்டமால் கிட்டத்தட்ட தினமும் போட்டுக்கொண்டிருந்தார். மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, 3 மாதத்துக்கு மேல் இப்படிப் போனால், மாத்திரையே தலைவலியைத் தக்கவைக்கும் நிலை வந்துவிடும். அந்த எல்லைக்கு இன்னும் வரவில்லை என்றாலும் அந்தப் பாதையில்தான் போய்க்கொண்டிருந்தார். அதை அவருடைய மருத்துவருக்குத் தெரிவித்தேன். குறைக்கும் திட்டத்தை அவர் பார்த்துக்கொண்டார்.

பரிசோதனையில் தெரிந்தவை

ரிவர்மீட் அறிகுறி வினாப்பட்டியலில் 16 கேள்விகள். மொத்தம் 64 மதிப்பெண், கூடக்கூட அறிகுறிகள் கடுமை என்று பொருள். இவருக்கு 34. ஆனால் மொத்த மதிப்பெண்ணைவிட, எந்த அறிகுறி எங்கிருந்து வருகிறது என்று பிரித்துப் பார்ப்பதே பயன் தரும். 'மூளை அதிர்ச்சி' என்று ஒரே பெயரில் கட்டிவைத்த மூட்டையில் இவருக்கு நான்கு தனித்தனிப் பொருள்கள் இருந்தன.

முதலில் கழுத்து. தாடையை நெஞ்சுவரை மடக்கி வைத்துத் தலையைத் திருப்பும் சோதனை, முதல் இரண்டு கழுத்து முள்ளெலும்புகளுக்கு நடுவில் உள்ள சுழற்சியைத் தனியே காட்டும். சாதாரணமாகப் பக்கத்துக்கு 40 பாகையாவது திரும்ப வேண்டும். இடப்பக்கம் 40 பாகை வந்தது, வலப்பக்கம் 22-இலேயே நின்றுவிட்டது. வலது மேல் கழுத்து மூட்டை அழுத்தியதும், "இதுதான், இந்த வலிதான்" என்று கண்ணைச் சுட்டிக் காட்டினார். கழுத்தை அழுத்தினால் கண்ணுக்குப் பின்னால் ஏன் வலிக்க வேண்டும்? கழுத்தின் மேல் மூன்று நரம்புகள் கொண்டுவரும் செய்தியும், முகத்துக்கான முக்கிளை நரம்பின் செய்தியும் மூளைத்தண்டில் ஒரே நரம்பணுக்களில் வந்து சேர்கின்றன. வலி எந்த வாசல் வழியே வந்தது என்று மூளையால் பிரித்தறிய முடிவதில்லை.

தலையின் இருப்பிட உணர்வும் பிசகியிருந்தது. தலையில் சிறிய லேசர் விளக்கைக் கட்டி, 90 செ.மீ. தூரத்தில் உள்ள இலக்கை நேராகப் பார்க்கச் சொல்ல வேண்டும். பிறகு கண்ணை மூடி, தலையைத் திருப்பி, மறுபடி நடுவுக்கு வரச் சொல்ல வேண்டும். புள்ளி 7 செ.மீ.க்கு மேல் விலகினால் (ஏறத்தாழ 4.5 பாகை) கழுத்திலிருந்து வரும் உணர்வுச் செய்தியில் கோளாறு என்று கொள்கிறோம். இவருக்கு வலப்பக்கத்திலிருந்து திரும்பும்போதெல்லாம் அதைத் தாண்டியது. பிடரிக்குக் கீழே உள்ள சின்னஞ்சிறு தசைகளில்தான் இந்த உணர்வைத் தரும் தசைக்கதிர்கள் மிக அடர்த்தி. அவை இறுகிக் கிடந்தால் 'தலை எங்கே இருக்கிறது' என்பதில் கண்ணும் காதும் சொல்வதோடு கழுத்து ஒத்துப்போகாது. மிதப்பது போன்ற கிறுகிறுப்பு அதனால் வரும்.

அறை சுழல்வது வேறு. அது உட்காதில் இருந்தது. அங்கே இருக்க வேண்டிய கால்சியம் கார்பனேட் படிகங்கள் அடிபட்ட அதிர்வில் பிரிந்து அரைவட்டக் குழலுக்குள் விழுந்துவிட்டால், தலை குறிப்பிட்ட பக்கம் சாயும்போது மட்டும் சில நொடிகள் உலகம் சுழலும். வழக்கமான டிக்ஸ்-ஹால்பைக் சோதனையில் கழுத்தைத் திருப்பி, பின்னுக்கு வளைத்துத் தொங்கவிட வேண்டும். இவருடைய கழுத்துக்கு அது வேண்டாம் என்று, பக்கவாட்டில் படுக்க வைக்கும் மாற்று முறையைச் செய்தேன். தலையை 45 பாகை இடப்பக்கம் திருப்பி, வலப்பக்கமாகப் படுக்க வைத்ததும் சில நொடி தாமதம். பிறகு கருவிழிகள் மேல்நோக்கிச் சுழன்று துடித்தன. அரை நிமிடத்தில் அடங்கின. பின்குழலில் படிகம், வலது காது. சந்தேகத்துக்கு இடமில்லை.

ஒரு பொருளை மூக்கை நோக்கிக் கொண்டுவரும்போது இரு கண்களும் சேர்ந்து அதன்மேல் குவிய முடிகிற மிக அருகிலான புள்ளி இவருக்கு 11 செ.மீ. 5 செ.மீ.க்குள் இருக்க வேண்டியது அது. கரும்பலகைக்கும் நோட்டுக்கும் நடுவே நாள் முழுக்கப் பார்வையை மாற்றும் ஒருவருக்கு இது எவ்வளவு பெரிய சுமை என்று சொல்ல வேண்டியதில்லை.

கடைசியாக உடலுழைப்பைத் தாங்கும் திறன். பஃபலோ பல்கலைக்கழகத்தில் ஜான் லெட்டியும் பாரி வில்லரும் உருவாக்கிய ட்ரெட்மில் சோதனை இதற்கென்றே இருக்கிறது. நடை வேகத்தை மாற்றாமல், நிமிடத்துக்கு நிமிடம் சாய்வை மட்டும் கூட்டிக்கொண்டே போய், அறிகுறி தெளிவாக ஏறும் இதயத் துடிப்பைக் குறிக்க வேண்டும். அவருடைய மருத்துவரின் ஏற்பாட்டில் ஓர் இயன்முறை மருத்துவர் இதைச் செய்தார். 128-இல் தலை தெறிக்கத் தொடங்கியது.

செய்தது

முதல் நாளே செய்தது எப்லி முறை. 1992-இல் ஜான் எப்லி எழுதி வெளியிட்ட இந்த முறையில் தலையை வரிசையாக நான்கு நிலைகளுக்குக் கொண்டுபோய்ப் படிகத்தைக் குழலிலிருந்து வெளியே உருட்டிவிடுகிறோம். தலைமாட்டைத் தாழ்த்தக்கூடிய மேசை இருந்ததால் கழுத்தை வளைக்காமலேயே செய்ய முடிந்தது. அடுத்த முறை வந்தபோது புரண்டு படுத்தால் சுழல்வது நின்றிருந்தது. ஆறு வாரம் அவரை ஒரே பக்கமாகப் படுக்க வைத்த தொல்லை சில நிமிடங்களில் தீரக்கூடியதாக இருந்தது என்பதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு. தலையில் அடிபட்டு, படுக்கும்போது சுழல்கிறது என்று யார் சொன்னாலும் முதல் வாரங்களிலேயே இந்தச் சோதனையைச் செய்துவிட வேண்டும்.

கழுத்துக்கு நான் செய்ததெல்லாம் மென்மையான வேலை. மல்லாந்து படுக்க வைத்து, பிடரி எலும்பின் விளிம்புக்குக் கீழே விரல் நுனிகளை வைத்து, தலையின் எடையையே அழுத்தமாகக் கொண்டு தசை தானாகத் தளரும்வரை காத்திருப்பது ஒன்று. மற்றது தசை ஆற்றல் முறை: தலையை வலப்பக்கம் தடை தட்டும் இடம்வரை கொண்டுபோய், அவரை மிக லேசாக இடப்பக்கம் திருப்ப முயலச் சொல்லி, நான் கையால் தடுத்துப் பிடித்து, ஐந்து நொடி கழித்து விடச் சொன்னால், தளர்ந்த அந்தக் கணத்தில் இன்னும் இரண்டு பாகை கிடைக்கும். நோயாளியின் தசையே வேலை செய்வதால் எவ்வளவு விசை என்பது அவர் கையில் இருக்கிறது. பயந்துபோன கழுத்துக்கு இதைவிடப் பொருத்தமான முறையை நான் அறியேன். மேல் முதுகும் முதல் விலா எலும்பும் இறுகியிருந்தன, அவற்றையும் தளர்த்தினேன். ஆறு வாரமாக மேல் நெஞ்சால் மட்டுமே மூச்சு விட்டுக்கொண்டிருந்ததால் உதரவிதானத்தால் மூச்சு விடப் பழக்கினேன்.

'டக்' என்ற சத்தத்தோடு கழுத்தைச் சட்டெனத் திருகும் முறையை இவருக்குச் செய்யவில்லை. செய்யும்படி அவருடைய உறவினர் ஒருவர் கேட்டார். மென்மையான முறையிலேயே அசைவு திரும்பும்போது, அரிதான ஆனால் மிகப் பெரிய ஆபத்தை ஏன் அழைக்க வேண்டும்?

மண்டை ஓட்டு ஆஸ்டியோபதியைப் பற்றியும் கேட்டார்கள். ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் 1874-இல் அமெரிக்காவில் தொடங்கிய ஆஸ்டியோபதியில், பிற்காலத்தில் வில்லியம் சதர்லாண்ட் சேர்த்த பகுதி அது. மண்டை எலும்புகளில் ஒரு தாள அசைவு உண்டு, அதைக் கையால் உணர்ந்து திருத்தலாம் என்பது அதன் கூற்று. ஒரே தலையைத் தொட்டுப் பார்க்கும் இரண்டு சிகிச்சையாளர்கள் ஒரே தாளத்தைச் சொல்வதில்லை என்பது பலமுறை சோதித்துக் கண்ட விஷயம். தலையை மென்மையாகப் பிடித்திருந்தால் நோயாளி அமைதியடைவது உண்மை. அதற்காக மூளை அதிர்ச்சியை அது குணமாக்குகிறது என்று சொல்லிப் பணம் வாங்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

வீட்டில் செய்ய வேண்டியவைதான் சிகிச்சையின் பெரும்பகுதி. 128-இல் 80 சதவீதம், அதாவது 102 துடிப்பைத் தாண்டாமல் தினமும் 20 நிமிட நடை. தலையில் லேசரைக் கட்டி இலக்கைத் தேடும் பயிற்சி. தாடையை மெல்ல உள்ளிழுத்துக் கழுத்தின் ஆழ்தசைகளுக்கு வலு. ஒரு புள்ளியில் கண்ணை நிறுத்தித் தலையை மட்டும் ஆட்டும் பயிற்சி. பேனா நுனியை மூக்கை நோக்கிக் கொண்டுவந்து கண்ணைக் குவிக்கும் பயிற்சி. இவற்றில் நடை ஒன்றைத்தான் நான் விட்டுக்கொடுக்கவே இல்லை. 2019-இல் வளரிளம் பருவ விளையாட்டு வீரர்களிடம் நடந்த ஆய்வில், இப்படி அளவோடு உடற்பயிற்சி செய்தவர்கள் இடைநிலை மதிப்பில் 13 நாளில் தேறினார்கள். தசை நீட்டல் மட்டும் செய்தவர்களுக்கு 17 நாள் ஆனது. இவர் வளரிளம் பருவத்தினர் அல்ல, அடிபட்டு ஆறு வாரம் ஆனவர். ஆனாலும் நடக்க நடக்கத் துடிப்பின் எல்லை உயர்வதைக் கண்ணெதிரே பார்க்க முடிந்தது.

நடுவில் ஒரு சறுக்கல்

சிகிச்சை தொடங்கிய நான்காவது வாரத்தில் ரிவர்மீட் மதிப்பெண் 21-க்கு இறங்கியிருந்தது. அரைநாள் வேலைக்குத் திரும்பியிருந்தார். அந்தச் சமயத்தில் தேர்வுத்தாள் கட்டுகளை இரண்டு இரவில் திருத்தி முடித்தார். தலைவலி பழையபடி வந்து, மறுபடி இருட்டறைக்குள் போய்விட்டார். தொலைபேசியில் அவர் குரலில் இருந்தது வலி மட்டுமல்ல, எல்லாம் முதலிலிருந்து தொடங்க வேண்டுமோ என்ற கலக்கம்.

அப்படி எதுவும் இல்லை. தாங்கும் எல்லையைத் தாண்டினால் அறிகுறி ஏறும். அது மூளைக்குப் புதிதாகக் காயம் பட்டதாகாது. அன்று ஒரு நாள் சுமையைக் குறைத்து, மறுநாள் அதற்கு முந்தைய வாரத்தின் அளவிலிருந்து தொடரச் சொன்னேன். திருத்தும் வேலையை இருபது நிமிடத் தவணைகளாகப் பிரித்து, நடுவில் எழுந்து நடக்கச் சொன்னேன். அந்த வாரம் கழுத்தும் திரும்ப இறுகியிருந்தது, குனிந்தே இருந்ததால். அதைத் தளர்த்தினேன். வார இறுதியில் பழைய இடத்துக்கு வந்துவிட்டார்.

எது எதனால்

சிகிச்சையின் பத்தாவது வாரத்தில் ரிவர்மீட் மதிப்பெண் 9. கழுத்து வலப்பக்கம் 38 பாகை திரும்பியது. லேசர் புள்ளி 7 செ.மீ. வட்டத்துக்குள் வந்தது. கண் குவியும் புள்ளி 6 செ.மீ. ட்ரெட்மில்லில் 155 துடிப்புவரை அறிகுறி ஏறவில்லை. முழுநேர வேலைக்குத் திரும்பினார். கூட்டமான இடத்தில் நெடுநேரம் இருந்தால் மட்டும் மந்தமான தலைவலி வந்தது.

இதை 'ஆஸ்டியோபதியால் குணமான மூளை அதிர்ச்சி' என்று எழுதினால் அது பொய்யாகும். அறை சுழன்றது நின்றது எப்லி முறையால். அது எந்தத் துறைக்கும் தனியுரிமை அல்ல. உழைப்பைத் தாங்கும் திறன் கூடியது நடையால். மூளையின் ஆற்றல் சமநிலை திரும்பியதில் காலத்துக்கே பெரும்பங்கு. கைச்சிகிச்சையின் பங்கு கழுத்திலிருந்து வந்த தலைவலியிலும் மிதக்கும் கிறுகிறுப்பிலும் தெரிந்தது: மேல் கழுத்தின் இறுக்கம் தளர்ந்த வாரத்தில்தான் கண்ணுக்குப் பின்னாலான வலி தினசரி என்பதிலிருந்து வாரத்துக்கு ஓரிரு முறை என்று குறைந்தது, மாத்திரையும் குறைந்தது. வலி குறைந்ததால் நடக்க முடிந்தது, நடந்ததால் தூக்கம் வந்தது. ஒன்று மற்றொன்றுக்கு வழிவிட்டது. ஒரே நோயாளியிடம் இவற்றை முழுதாகப் பிரித்துக் காட்ட வழியில்லை.

ஆய்வுகளும் ஏறக்குறைய இந்த இடத்தில்தான் நிற்கின்றன. 2014-இல் கேத்ரின் ஷ்னைடரும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வில், தலைச்சுற்று, கழுத்துவலி, தலைவலி நீடித்தவர்களுக்குக் கழுத்துக்கான கைச்சிகிச்சையும் சமநிலைப் பயிற்சியும் சேர்த்துக் கொடுத்தார்கள். 8 வாரத்துக்குள் விளையாட்டுக்குத் திரும்ப மருத்துவ அனுமதி பெற்றவர்கள் 15 பேரில் 11 பேர். அது கிடைக்காத குழுவில் 14 பேரில் ஒருவர் மட்டுமே. எண்ணிக்கை சிறியது. இயன்முறை மருத்துவத்தில் நடந்த ஆய்வு அது, ஆஸ்டியோபதியில் அல்ல. இருந்தாலும் நான் பயன்படுத்திய கைமுறைகளுக்கும் அவர்களுடைய முறைகளுக்கும் உறவு நெருக்கம் என்பதால் அதையே வழிகாட்டியாகக் கொள்கிறேன். ஆஸ்டியோபதியிலேயே மூளை அதிர்ச்சிக்கென நடந்தவை பெரும்பாலும் தனிநபர் நிகழ்வு ஆய்வுகளும் சிறிய முன்னோட்டச் சோதனைகளும்தான். இந்தக் கட்டுரையும் அந்த வரிசையில் இன்னொன்று, அவ்வளவே.

மருத்துவருக்கு எழுதிய கடிதம்

முடிக்கும் முன் அவருடைய மருத்துவருக்கு ஒரு கடிதம் அனுப்பினேன். செய்த முறைகள், செய்யாமல் விட்டவை, முன்னும் பின்னும் எடுத்த அளவுகள் எல்லாம் அதில் இருந்தன. கண் குவியும் புள்ளி இன்னும் 1 செ.மீ. பின்தங்கியிருப்பதால் கண் மருத்துவர் ஒருமுறை பார்ப்பது நல்லது என்று குறிப்பிட்டேன். படிகம் மறுபடி இடம் மாறக்கூடும். புரளும்போது சுழற்சி திரும்பினால் காத்திருக்காமல் மறுபடி எப்லி செய்ய வேண்டும் என்று எழுதினேன். மறுபடி தலையில் அடிபட்டாலோ, தலைவலியின் தன்மை திடீரென மாறினாலோ, பார்வை இரட்டித்தாலோ என்னிடம் அல்ல, நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும் என்று ஆசிரியைக்கும் எழுதிக் கொடுத்தேன். கழுத்துப் பயிற்சிகளை இன்னும் மூன்று மாதம் தொடர்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். அதன் பிறகு ஒருமுறை வந்து லேசர் சோதனையை மட்டும் செய்து பார்ப்பதாக ஏற்பாடு.